பெர்கன் மழையில் முதல் நாள்: தனியாக வந்திருக்கிறேன், மலைக்குப் போவதா வேண்டாமா?

நடைவண்டி | ஞாயிறு, மாலை 6:35

அக்டோபரில் நார்வேயின் பெர்கன் நகரத்துக்குப் போகிறேன் என்றபோது இங்கே பாதிப் பேர் "ஏன்?" என்று கேட்டீர்கள். விமான நிலையத்துக்கு வெளியே பாறைமேல் ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி, கூடவே ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறார்கள். "பெர்கன்?" ஊருக்கே அந்தச் சந்தேகம் இருக்கும்போது உங்களைச் சொல்லி என்ன பயன்!

இன்று காலை வந்து இறங்கினேன். விமான நிலையப் பேருந்தை விட்டுவிட்டு பீபானன் என்கிற நகர டிராமில் ஏறினேன். ஊருக்குள் போய்வர எடுக்கும் அதே சாதாரண டிக்கெட் போதும், முக்கால் மணி நேரத்தில் ஊர் நடுவில் இருக்கும் பீபார்கன் நிறுத்தத்தில் இறக்கிவிடுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு குட்டி மெட்டு உண்டு, ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. இதற்கு உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

தங்கும் விடுதியில் அறை மூன்று மணிக்குத்தான் என்றுவிட்டார்கள். பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆக, வெளியே கொட்டுகிறது, ஒதுங்க அறை இல்லை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. நார்வேயில் ஞாயிறன்று பெரிய சூப்பர்மார்க்கெட்டெல்லாம் மூடல். சின்னக் கடைகள் மட்டும் திறந்திருக்கின்றன. அங்கே ஒரு வாழைப்பழம் எடுத்தாலும் கை யோசிக்கிறது.

முதலில் நுழைந்த இடம் கோடே அருங்காட்சியகம். ஊர் நடுவே இருக்கும் எண்கோணக் குளத்தின் ஓரமாகவே அதன் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. ராஸ்முஸ் மேயர் கட்டடத்தில் நார்வே ஓவியர் எட்வர்ட் மூன்கின் ஓவியங்கள் ஓர் அறை நிறைய. 1892-ல் அவர் வரைந்த "கார்ல் யோஹான் தெருவில் மாலை" எதிரே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். வெளிறிய முகத்தோடு ஒரு கூட்டமே நம்மைப் பார்த்து வருகிறது, ஒரே ஓர் ஆள் மட்டும் தெருவின் நடுவில் எதிர்த்திசையில் போகிறான். தனியாக ஊர் சுற்ற வந்தவளுக்கு நல்ல வரவேற்புதான்.

அப்புறம் ப்ரிக்கன். துறைமுகத்தைப் பார்த்து வரிசையாக நிற்கும் மரவீடுகளை எல்லாரும் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், விஷயம் பின்னால்தான் இருக்கிறது. வீடுகளுக்கு நடுவில் பலகை பாவிய சந்துகள். இருபக்கமும் மேல்மாடி நடைகள் முன்னால் நீட்டிக்கொண்டு வருவதால் வானம் ஒரு கீற்றுதான் தெரிகிறது. மழையும் அந்தக் கீற்று அகலத்துக்குத்தான் விழுகிறது. நடுப்பலகை கறுத்து மின்னுகிறது, சுவரோரப் பலகை காய்ந்து வெளுத்துக் கிடக்கிறது. சுவரை ஒட்டியே நடந்தால் நனையாமல் கடைசிவரை போய்விடலாம். ஒரு கதவு நிலை சாய்ந்துபோயிருக்கிறது. அந்தச் சாய்வுக்குத் தகுந்தபடி கதவையும் கோணலாகவே இழைத்து மாட்டியிருக்கிறார்கள், சத்தமில்லாமல் மூடுகிறது.

மதியம் ஒரு தள்ளுவண்டி மாதிரியான கடையில் கலைமான் சாசேஜ், நின்றுகொண்டே சாப்பிட்டேன். பிறகு பெர்கன்ஹூஸ் கோட்டைப் பக்கம் போனபோது காற்று பிடித்துக்கொண்டது. என் ஷூ நீர் புகாத ரகம், அதில் குறையே இல்லை. கால்சட்டையில் பட்ட தண்ணீர் அப்படியே சாக்ஸில் இறங்கி உள்ளே போய்விட்டது. உள்ளே போன தண்ணீரையும் ஷூ வெளியே விடுவதில்லை, அவ்வளவு நல்ல ரகம்!

இப்போது ஷூ ஹீட்டர் பக்கத்தில், நான் போர்வைக்குள். கேள்வி இதுதான்: ஃப்ளோயன் மலைக்குப் போகவே இல்லை. கீழிருந்து பார்த்தால் பாதி மலைக்கு மேல் மேகம். நாளையும் மழை என்கிறார்கள். மேகத்துக்குள் போய் நிற்பதற்குப் பணம் கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 6:58

முதல் நாளை வீணடித்துவிட்டீர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவ்வளவு தூரம் போய் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! நானாக இருந்தால் முதல் நாளே பெர்கன் ரயிலில் மீர்டால் போய், அங்கிருந்து ஃப்ளோம் ரயிலில் 866 மீட்டரிலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கி, படகு பிடித்து, பேருந்தில் திரும்பியிருப்பேன். ஒரே நாளில் மலை, அருவி, ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே புகுந்திருக்கும் கடல்) எல்லாம் முடிந்திருக்கும். நார்வே விலைக்கு ஒவ்வொரு மணி நேரமும் காசு. மழை பெய்தால் என்ன, ரயிலுக்குக் கூரை இருக்கிறது.

நடைவண்டி | ஞாயிறு, இரவு 7:06

காலை விமானத்தில் இறங்கிவிட்டு அன்றே பன்னிரண்டு மணி நேரச் சுற்றுலா போகும் உடம்பு உங்களுக்கு இருக்கிறது சார். எனக்கு இல்லை. தவிர, எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் அந்த ஊரின் தெருக்களிலேயே நடந்தால்தான் எனக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். வீணடித்த கணக்கில் இதை எழுத மாட்டேன்.

ஏழுமலைவாசி | ஞாயிறு, இரவு 7:15

தங்கச்சி, நான் இந்த ஊரில்தான் கனகாலமாக இருக்கிறேன். (பெயர்க் காரணம் கேட்கிறவர்களுக்கு: பெர்கனைச் சுற்றி ஏழு மலை என்பது இங்கே எல்லாரும் சொல்கிற கணக்கு. எந்த ஏழு என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள்.)

முதலில் ஒரு விஷயம். நாள் முழுக்க மழை என்று முன்னறிவிப்பில் போட்டால் இடைவிடாமல் பெய்யும் என்று நினைக்க வேண்டாம். இங்கே மழை தவணை தவணையாக வரும். கைபேசியில் இர் என்ற வானிலைச் செயலி இருக்கிறதா? நார்வே வானிலை நிறுவனமும் அரசு ஒலிபரப்பும் சேர்ந்து நடத்துகிறது, இலவசம். அதில் அடுத்த ஒன்றரை மணி நேரத்துக்கு மழை எப்போது வரும், எப்போது விடும் என்று ரேடார் பார்த்துச் சொல்வார்கள். நாங்கள் நாளைய மழையைப் பார்க்கிறதில்லை, அடுத்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் பார்க்கிறது. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடுகிறதா, இன்னொரு கோப்பி குடிக்கிறதா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.

இரண்டாவது, ஃப்ளோயன். நாளைக்கென்று ஏன் வைக்கிறீர்கள்? மலை ரயில் இரவு 11 மணி வரைக்கும் ஓடும். கீழ் நிலையம் மீன்சந்தையிலிருந்து கூப்பிடு தூரம். நான் இப்போது ரேடாரைப் பார்த்தேன், மேற்கே ஒரு பெரிய ஓட்டை வருகிறது. எட்டரைக்குப் பிறகு ஒருக்கால் பாருங்கள். ஊர் இருட்டிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம், 320 மீட்டர் உயரத்தில் நின்று வெளிச்சங்களைப் பார்க்கிறது பகலைவிட நன்றாக இருக்கும்.

சப்பாத்துக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கி அடையுங்கள். அரை மணிக்கொருக்கால் மாற்றுங்கள். ஹீட்டர் வெளியே மட்டும்தான் காய வைக்கும்.

தனிவழி | ஞாயிறு, இரவு 7:31

நடைவண்டி, நானும் தனியாகத்தான் சுற்றுகிறவள். பெர்கனுக்கு நவம்பரில் போயிருக்கிறேன். ஏழுமலைவாசி அண்ணா சொன்னதோடு ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

மழை ஊரில் தனியாக இருப்பதில் கஷ்டமான நேரம் பகல் அல்ல, ஆறு மணிக்கு மேல்தான். அருங்காட்சியகமெல்லாம் மூடிவிடும், தெரு இருட்டிவிடும், உணவகத்தில் தனியாகப் போய் உட்கார்ந்தால் பில் பயமுறுத்தும். அப்போதுதான் "நான் ஏன் வந்தேன்" என்ற எண்ணம் வரும். அதனால் முதல் நாளுக்குத் திட்டம் போடும்போது மாலைக்குத்தான் முதலில் ஏதாவது வைக்க வேண்டும். பகல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். இந்த ராத்திரி மலைப்பயணம் அதற்குச் சரியான யோசனை. பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள் என்றால், நான் அங்கே இரவு பத்து மணிக்கு மேல் நடந்திருக்கிறேன், என் கவலையெல்லாம் வழுக்கும் கல்தெருவைப் பற்றித்தான் இருந்தது. மழையில் அந்தக் கற்கள் எண்ணெய் தடவின மாதிரி. மேலே போனால் காட்டுப்பாதையில் இருட்டில் நடந்து இறங்க ஆசைப்படாமல் ரயிலிலேயே இறங்குங்கள்.

சாப்பாட்டுக்கு: சமையலறை இருக்கும் விடுதி என்றால் தப்பித்தீர்கள். இன்று ஞாயிறு, சரி. நாளை காலை முதல் வேலையாகச் சூப்பர்மார்க்கெட் போய் ரொட்டி, பாலாடைக்கட்டி, முட்டை வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும், பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். இவ்வளவு மழை பெய்கிற ஊரில் தண்ணீரை விலைக்கு வாங்குவதா! மீன்சந்தையில் ஆசைக்கு ஒரு மீன் சூப் குடிக்கலாம், வயிறு நிறைய அங்கே சாப்பிட வேண்டாம். குளிர்காலத்தில் வெளிச்சந்தை இருக்காது, கண்ணாடிக் கூடத்துக்குள் நடக்கும் மீன் அங்காடி மட்டும்தான்.

மழைக்கு ஒதுங்கக் காசில்லாத இடம் வேண்டுமென்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பொது நூலகம் இருக்கிறது. 1917-ல் திறந்த கல்கட்டடம். உள்ளே போய் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். தனிப்பயணத்தில் எனக்கு எந்த ஊரானாலும் நூலகம்தான் புகலிடம்.

பழையபாதை | ஞாயிறு, இரவு 7:52

கணக்குப்பிள்ளை சார் அருங்காட்சியகம் என்றதும் அலுத்துக்கொண்டார். ப்ரிக்கனைச் சும்மா மரவீடு என்று பார்த்துவிட்டு வந்தால் அலுப்புதான். கதை தெரிந்தால் அதே சந்தில் அரைநாள் போகும்.

1360 வாக்கில், வட ஜெர்மன் நகரங்களின் ஹான்சா வணிகர் கூட்டமைப்பு இங்கே தன் வர்த்தக நிலையத்தை நிறுவியது. வடக்கே லோஃபோட்டன் பக்கத்திலிருந்து காய்ந்த காட் மீன் வந்து இறங்கும், பதிலுக்குத் தானியம் போகும். இந்த நிலையம் 1754 வரை நீடித்தது. இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், ஜெர்மன்காரர்கள். அங்கே இருக்கும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அதைவிடக் கொடுமை, மரவீடுகளில் நெருப்பே மூட்டக் கூடாது. இந்த மழையிலும் குளிரிலும்! சமையல், கணப்பு எல்லாம் பின்னால் தனியாகக் கட்டிய பொதுக்கூடங்களில்தான். நடைவண்டி, உங்கள் ஹீட்டரை நன்றியோடு பாருங்கள்.

அவ்வளவு கவனமாக இருந்தும் 1702-ல் எரிந்து போனது. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு பழைய மனைக்கோட்டிலேயே திரும்பக் கட்டியது. 1916-ல் ஊர் மையத்தில் பெருந்தீ. 1955-ல் ப்ரிக்கனின் ஒரு பகுதி மறுபடியும் எரிந்தது. மழைக்குப் பேர் போன ஊர் திரும்பத் திரும்ப நெருப்பில் போயிருக்கிறது! ஊர் நடுவில் தோர்க்ஆல்மென்னிங்கன் மாதிரி வீடே இல்லாத அகலமான வெளிகளைப் பார்த்திருப்பீர்களே, அவை அழகுக்கு விட்டவை அல்ல. தீ தாண்டாமல் இருக்க விட்டவை.

1955 தீயினால் ஒரு நன்மையும் வந்தது. எரிந்த இடத்தில் தொல்லியலாளர்கள் பல வருடம் தோண்டினார்கள். ரூன் என்கிற பழைய வடஐரோப்பிய எழுத்து கீறிய மரக்குச்சிகள் கிடைத்தன, ஒன்றிரண்டல்ல, அறுநூறுக்கும் மேலே. வணிகச் சீட்டு, பிரார்த்தனை, காதல், வசவு எல்லாம் உண்டு. ஒன்றில் "கீடா உன்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறாள்" என்று இருக்கிறது. இடைக்காலத்தில் யாரோ ஒரு கணவனுக்கு வந்த குறுஞ்செய்தி என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்திலேயே 1976-ல் ப்ரிக்கன் அருங்காட்சியகம் திறந்தார்கள். யுனெஸ்கோ பட்டியலில் ப்ரிக்கன் சேர்ந்தது 1979-ல்.

கடைசியாக, சாய்ந்த கதவு பற்றி. வீடுகள் நிற்பது பழைய மரக்கட்டை அடித்தளத்தின்மேல். மண்ணுக்குள் தண்ணீர் இருக்கும்வரை அந்தக் கட்டை மக்காது. எரிந்த பகுதியில் பின்னாளில் கட்டுமானம் வந்தபோது நிலத்தடி நீர் வடிந்து இறங்கியது, காற்றுப் பட்டுக் கட்டைகள் மக்கின, வீடுகள் இறங்க ஆரம்பித்தன. அதைச் சரிசெய்ய என்ன செய்தார்கள் தெரியுமா? மழைநீரை வடிகாலில் ஓடவிடாமல் அங்கேயே நிலத்துக்குள் இறக்கி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். நீங்கள் திட்டிக்கொண்டே நனைந்த மழைதான் அந்த வீடுகளை நிற்க வைத்திருக்கிறது.

நடைவண்டி | ஞாயிறு, இரவு 8:05

இது தெரியாமலே அந்தப் பலகைமேல் நடந்துவிட்டு வந்தேனே! அந்த மழைத்தண்ணீர் கதைக்காகவே நாளை ஒருமுறை திரும்பப் போகிறேன்.

செய்தித்தாள் வரவேற்பறையில் கிடைத்தது. ஒரு ரவுண்டு மாற்றியாகிவிட்டது. நிஜமாகவே வேலை செய்கிறது.

குடைராட்டினம் | ஞாயிறு, இரவு 8:11

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நானும் தனியாக பெர்கன் போகலாம் என்று இருக்கிறேன், முதல் வெளிநாட்டுப் பயணம். குடை எடுத்துப்போகலாமா? என்ன உடுப்பு? அங்கே ஏன் இவ்வளவு மழை? வருடம் பூராவும் இப்படியா?

ஏழுமலைவாசி | ஞாயிறு, இரவு 8:24

குடையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஏன் மழை: தென்மேற்கிலிருந்து வருகிற காற்று வெதுவெதுப்பான அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும். கரையைத் தொட்டதும் எங்கள் மலைகள் மறிக்கும். காற்று மேலே ஏறும், குளிரும், ஈரம் தாங்காமல் இங்கேயே கொட்டிவிட்டுப் போகும். மலைத்தொடருக்கு அந்தப்பக்கம் இருக்கிற ஒஸ்லோவில் இதில் பாதிகூட இல்லை. இங்கே வருடத்துக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும், 200 நாளுக்கு மேல் மழைநாள். 2006 அக்டோபர் கடைசியில் தொடங்கி 2007 ஜனவரி வரைக்கும் தொடர்ந்து 85 நாள் ஒரு நாள்கூட விடாமல் பெய்த சாதனையும் எங்களிடம் இருக்கிறது. அதைப் பெருமையாகச் சொல்கிற ஆட்களும் இங்கே உண்டு. அதே கடல்தான் குளிர்காலத்தில் எங்களைக் காப்பாற்றுவதும். இவ்வளவு வடக்கில் இருந்தும் துறைமுகம் உறைகிறதில்லை.

இலையுதிர் காலமும் குளிர்காலமும்தான் பலத்த மழை. ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரைக்கும் பார்த்தால் குறைவு. உங்களுக்கு நாள் தெரிவு செய்ய வசதி இருந்தால் மே மாதம்.

உடுப்பு: உடம்போடு ஒட்டிக் கம்பளி உள்ளாடை. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, குளிரும். கம்பளி ஈரமானாலும் சூடு விடாது. அதற்கு மேல் மெல்லிய ஸ்வெட்டர், அதற்கு மேல் தொப்பி வைத்த மழைச்சட்டை. எல்லாரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். மழைக்காற்சட்டையும் வேண்டும்! தங்கச்சிக்கு நடந்தது அதில்லாததால்தான். மேலே இறுக்கிப் போடுகிற மாதிரி மெல்லியது ஒன்று, மடித்தால் கைக்குள் அடங்கும். அதன் கால் சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே திணிக்கக் கூடாது. பாஸ்போர்ட்டையும் கைபேசியையும் சிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.

இப்போது குடை. நேரே விழுகிற மழைக்கு குடை சரி. இங்கே மழை பக்கவாட்டில் வரும், சிலவேளை கீழே இருந்தும் வருகிற மாதிரி இருக்கும். புயல் அடித்த மறுநாள் இங்கே குப்பைத்தொட்டிகளைப் பார்த்தால் கம்பி முறிந்த குடைகள் நிறையக் கிடக்கும். அவ்வளவும் வந்துபோகிறவர்கள் வாங்கினது என்று சொல்ல முடியாது, எங்கள் ஆட்களும் உண்டு.

தங்கச்சி, ரேடாரைப் பார்த்தீர்களா? ஓட்டை கரைக்கு வந்துவிட்டது.

நடைவண்டி | ஞாயிறு, இரவு 8:29

பார்த்தேன். 8:50-லிருந்து மழை இல்லை என்று காட்டுகிறது. சாக்ஸ் மாற்றிவிட்டேன், ஷூ பாதி காய்ந்திருக்கிறது. போகிறேன்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 8:40

மழை விட்டது என்று செயலி சொல்கிறது, மேகம் விட்டது என்று யாரும் சொல்லவில்லையே? 320 மீட்டரில் மேகம் உட்கார்ந்திருந்தால் சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நான் சொல்வது, டிக்கெட் எடுப்பதற்குமுன் நிமிர்ந்து பாருங்கள். மேல் நிலையத்து விளக்கு கீழிருந்து தெரிந்தால் ஏறலாம். தெரியாவிட்டால் திரும்பி வந்து தூங்கலாம். ஏறத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் காசில்லாமல் நடந்தே ஏறலாம், முக்கால் மணி ஒரு மணி நேரப் பாதை. ஆனால் இந்த இருட்டில் வேண்டாம், தனிவழி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன்.

ஏழுமலைவாசி | ஞாயிறு, இரவு 8:47

கணக்குப்பிள்ளை சொல்கிற அந்த விளக்குச் சோதனை நல்ல சோதனை. நாங்களும் அப்படித்தான் பார்க்கிறது.

பழையபாதை | ஞாயிறு, இரவு 9:02

அவர் போயிருக்கும் நேரத்தில் ஒரு துணுக்கு. அந்த மலை ரயில் ஓடத் தொடங்கியது 1918 ஜனவரியில். ஊரின் நடுப்பகுதி எரிந்து சாம்பலாகி இரண்டே வருடம், உலகப்போரும் முடியவில்லை. நார்வே அந்தப் போரில் நடுநிலை என்றாலும் தட்டுப்பாட்டுக்குக் குறைவில்லை. அந்தச் சமயத்தில் மலைக்கு ரயில் விட்டிருக்கிறார்கள்.

நடைவண்டி போன கோட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே இருக்கும் ஹோகன் மண்டபம் 1261-ல் அரசகுமாரன் மாக்னுஸின் கல்யாணத்துக்குத் தயாரானது. 1944 ஏப்ரல் 20-ம் தேதி, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில், வெடிமருந்து ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்தில் வெடித்துக் கூரை எரிந்து போனது. இன்று இருக்கும் கூரை போருக்குப் பிறகு போட்டது.

தனிவழி | ஞாயிறு, இரவு 9:20

குடைராட்டினம், உங்களுக்கு ஒன்று. முதல் பயணமே தனியாக என்றால் முதல் நாளுக்கு இரண்டே இடம் எழுதி வையுங்கள், இரண்டும் கூரைக்குள். மீதியை ஊர் காட்டும். இந்த ஊரில் மையப்பகுதி முழுக்க நடந்தே போகலாம், அதுதான் பெரிய வசதி.

ஒரு சின்ன அருங்காட்சியகம் பரிந்துரைக்கிறேன், திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு போங்கள். செயின்ட் யோர்கன் தொழுநோய் மருத்துவமனை. தொழுநோய்க் கிருமியை 1873-ல் ஹான்சன் கண்டுபிடித்தது இந்த ஊரில்தான், ஹான்சன் நோய் என்று சொல்வது அவர் பெயரால். கடைசி இரண்டு நோயாளிகள் 1946-ல் அங்கேயே இறந்தார்கள். நடுக்கூடத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஓர் அறையில் இரண்டு பேர் வாழ்ந்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் மழையைப் பற்றிப் புலம்பத் தோன்றவில்லை.

நடைவண்டி | ஞாயிறு, இரவு 10:52

திரும்பி வந்துவிட்டேன். கணக்குப்பிள்ளை சார், உங்கள் சோதனையைச் செய்தேன். மீன்சந்தைப் பக்கம் நின்று நிமிர்ந்து பார்த்தபோது மேலே விளக்கு தெரிந்தது, மறைந்தது, திரும்பத் தெரிந்தது. உங்கள் விதியில் இதற்கு இடமில்லை. டிக்கெட் எடுத்துவிட்டேன்.

பெட்டிக்குள் நானும், ஓடிவிட்டு இறங்குவதற்காக மேலே போகும் ஒரு பெண்ணும்தான். தலைவிளக்கு கட்டியிருந்தார். ஞாயிறு இரவு ஒன்பதரைக்கு ஈரக்காட்டில் ஓடப் போகிறார்! "தினமுமா?" என்று கேட்டேன். "மழை இல்லையே" என்றார். தலையை ஆட்டிவைத்தேன்.

மேலே இறங்கியபோது சாம்பல் சுவர்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கம்பியிலிருந்து தண்ணீர் கையுறைக்குள் இறங்கியது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கீழேயிருந்து ஆரம்பித்தது. முதலில் துறைமுகத்து நீர் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது, அதன் ஓரத்தில் ப்ரிக்கனின் விளக்கு வரிசை, அப்புறம் எண்கோணக் குளம், அதன் பக்கத்தில் நான் காலையில் இருந்த கட்டடம். மேகம் நம் காலுக்குக் கீழே துண்டு துண்டாகக் கிழிந்து போவதை இதற்குமுன் விமானத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். காலையில் சுற்றிச் சுற்றி நடந்த தெருவெல்லாம் அங்கிருந்து பார்த்தால் எவ்வளவு கிட்டக்கிட்ட இருக்கிறது! தெளிவு கால் மணி நேரம் இருந்திருக்கும். அப்புறம் மூடிக்கொண்டது. இறங்கும்போது தூறல் ஆரம்பித்தது.

காலையிலேயே மேலே போயிருந்தால் பெயர் தெரியாத ஓர் ஊரின் விளக்குகளாகத்தான் இருந்திருக்கும். எது எது என்று தெரிந்து பார்த்ததில்தான் ருசி. முதல் நாள் தெருவில் நடக்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான் சார்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 11:10

சரி, கால் மணி நேரத்துக்கு நீங்கள் கொடுத்த காசு வசூல். ஆனால் ஃப்ளோம் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இத்தனை மழையில் அருவிகள் எப்படிக் கொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். வறண்ட ஜூலையில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

ஏழுமலைவாசி | திங்கள், காலை 6:50

அருவி விஷயத்தில் கணக்குப்பிள்ளை சொல்கிறது உண்மை. முழுநாள் வேண்டாம் என்றால், துறைமுகத்திலிருந்து மோஸ்ட்ராவ்மன் வரைக்கும் ஒரு படகு போய்வரும், மூன்றரை மணி நேரம். குறுகலான நீரிணைக்குள் போய் அருவிக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். உள்ளே சூடாக இருக்கலாம், வெளியே தளத்தில் நிற்க நினைத்தால் மழைக்காற்சட்டை வாங்கிக்கொண்டு போங்கள். இன்றைக்குக் கடைகள் திறந்திருக்கும்.

இன்னொன்று, திங்கள்கிழமை. கோடைப் பருவம் முடிந்தால் இங்கே சில அருங்காட்சியகங்களுக்கு இன்று விடுமுறை. ப்ரிக்கனுக்குள் சந்தில் நடக்க எந்தத் தடையும் இல்லை, உள்ளே போகிற இடங்களை மட்டும் இணையத்தில் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹான்சா அருங்காட்சியகத்தின் பழைய கட்டடம் பழுதுபார்ப்புக்காக மூடிக் கனகாலம். வாசலில் போய் நின்று ஏமாற வேண்டாம்.

நடைவண்டி | திங்கள், காலை 7:35

படகுதான். பன்னிரண்டு மணி நேரத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே மூன்றரை மணி நேரம், கணக்குப்பிள்ளை சாருக்கும் பாதி வெற்றி. வெளியே இன்னும் விடியவே இல்லை, எட்டு மணிக்கு மேல்தான் சூரியன். ஷூ காய்ந்துவிட்டது. நான்கு முறை தாள் மாற்றினேன்.

குடைராட்டினம் | திங்கள், காலை 9:15

எல்லாவற்றையும் படித்துக் குறித்துக்கொண்டேன். அண்ணா சொன்னபடி மே மாதத்துக்கே பார்க்கிறேன். 16-ம் தேதி போய் இறங்கலாமா? விமானம் அன்றைக்குத்தான் மலிவு.

ஏழுமலைவாசி | திங்கள், காலை 9:40

மே 17 எங்கள் தேசிய தினம். ஊர் முழுக்க ஊர்வலம், கொடி, பாரம்பரிய உடுப்பு. பார்க்கத்தான் வருகிறீர்கள் என்றால் அருமையான நாள், ஆனால் அறையை இப்போதே பிடித்துவிடுங்கள், பிறகு கிடைக்காது, கிடைத்தாலும் விலை வேறு. கடைகளும் பூட்டியிருக்கும், 16-ம் தேதி பின்னேரமே சாமான் வாங்கி வைக்க வேண்டும். கூட்டம் வேண்டாம் என்றால் இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். மழைக்காற்சட்டை எப்படியும் வேண்டும்.